மூடுபனியில் வெளுத்த படைவீரன்

ஏற்காட்டில் மழைக்காலத்தில் பெயிண்ட் அடித்த குட்டிப் பொம்மைக்கு மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத மேல்பூச்சு, ஸ்பிரே அடித்தால் சில சமயம் அதன் மேல் வெள்ளை படர்ந்துவிடும். காற்றின் ஈரம் செய்யும் வேலை. என் 28 மில்லிமீட்டர் படைவீரனுக்கும் அப்படித்தான்: சிவப்பு மேலங்கி சாம்பல் பூத்து, மடிப்புகளில் போட்ட நிழலெல்லாம் காணோம். பெயிண்டை உரித்து முதலிலிருந்து தொடங்க மனசு வரவில்லை.

தண்ணீரில் கரையும் கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கோட் பூசினேன். ஈரம் பட்டதுமே சிவப்பு திரும்பியது, காய்ந்த பிறகும் நின்றது. என்ன, எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரே பளபளப்பு! மறுநாள் மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசினேன், அடங்கியது.

இப்போதெல்லாம் ஸ்பிரே வேலையைச் சேலத்தில் தங்கை வீட்டு மொட்டைமாடியில், காலை வெயிலில் வைத்துக்கொள்கிறேன். கொளுத்தும் மத்தியானம் மட்டும் வேண்டாம். துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று ஒட்டும்.