எதிரிக்குச் சம்பளம்: எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

2007இல் ஈராக்கில் அமெரிக்க ராணுவம், நேற்றுவரை தன் வண்டிகளுக்குச் சாலையோரம் குண்டு வைத்தவர்களையே மாதம் சுமார் 300 டாலர் சம்பளத்துக்கு எடுத்து, அவரவர் தெருச் சோதனைச்சாவடியில் காவலுக்கு நிறுத்தியது. உச்சத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். எல்லாரும் முன்னாள் கிளர்ச்சியாளர்கள் அல்லர். ஆனால் அவர்களும் கணிசமாக இருந்தார்கள். பெரும்பாலானோர் சுன்னிகள். ஊர்க்காரர்கள் ‘சஹ்வா’ (விழிப்பு) என்றார்கள், அமெரிக்கர்கள் ‘ஈராக்கின் மைந்தர்கள்’ என்று பெயர் வைத்தார்கள்.

இது தர்மமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று, ‘காசுக்குக் கட்சி மாறிய எட்டப்பர்கள்’. மற்றொன்று, ‘எத்தனை உயிர் மிச்சமானது, பிறகென்ன பேச்சு’. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடும் பதில்கள். எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம்.

பணம்தான் ஆளை மாற்றியது என்று நம்புவது

மேற்கு ஈராக்கில் உள்ள அன்பார் மாகாணத்தில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். ஈராக் அல்-காயிதா அங்கே குலத் தலைவர்களைக் கொன்றது, அவர்கள் கையிலிருந்த கடத்தல் வருமானத்தைப் பறித்தது, அவர்களின் குடும்பங்களில் வலுக்கட்டாயமாகப் பெண் கேட்டது. 2006 ஆகஸ்டில் ஒரு ஷேக்கைக் கொன்று, அடக்கம் செய்யக்கூட விடாமல் உடலை மறைத்தது. தந்தையையும் சகோதரர்களையும் அல்-காயிதாவிடம் பறிகொடுத்திருந்த அப்துல் சத்தார் அபு ரிஷா என்ற ஷேக், அடுத்த மாதமே ரமாதியில் குலங்களைக் கூட்டி அல்-காயிதாவுக்கு எதிராக அணி திரட்டினார். சம்பளத் திட்டம் நாடெங்கும் பரவியது அதற்குப் பிறகு, 2007இல்தான்.

ஆக, மனம் மாறியது முதலில், சம்பளம் வந்தது பின்னால். மாறிய மனத்தோடு வீட்டில் அடுப்பும் எரியவேண்டும் அல்லவா, அதற்குத்தான் பணம் உதவியது. வேலையே இல்லாத ஊரில் 300 டாலர் சின்னத் தொகையும் அல்ல. அதனாலேயே ‘அவர்களாகத்தான் வந்தார்கள்’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது.

கொரியப் போரின் கடைசி மாதங்களில், 1953 ஏப்ரலில், மிக்-15 போர் விமானத்தோடு முதலில் வந்து சேரும் விமானிக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கா அறிவித்துத் துண்டறிக்கைகளை வீசியது. சண்டை ஓய்ந்து சில வாரங்கள் கழித்து, செப்டம்பர் 21 அன்று வட கொரிய விமானி நோ கும்-சோக் தென் கொரியாவின் கிம்போ தளத்தில் வந்து இறங்கினார். அப்படி ஒரு பரிசு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். (ஆளை விலைக்கு வாங்கும் இந்த யோசனை அன்றைய அதிபர் ஐசன்ஹோவருக்கே பிடிக்கவில்லை.) நோ தப்பியதற்காக வட கொரியாவில் சக விமானிகள் சிலர் கொல்லப்பட்டார்கள் என்று பிற்பாடு தப்பிவந்த இன்னொருவர் சொன்னார். கட்சி மாறுபவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கும் நாம், அவர் விட்டுவந்தவர்களுக்கு என்ன ஆனது என்று அநேகமாகக் கேட்பதே இல்லை.

‘சட்டம் தடுக்கவில்லையே’ என்று அமைதியடைவது

எதிரி வீரனுக்குப் பணம் காட்டி அழைப்பதைப் போர்ச் சட்டம் தடை செய்யவில்லை. கட்டாயப்படுத்துவதைத்தான் தடுக்கிறது. எதிரி நாட்டுக் குடிமக்களைச் சொந்த நாட்டுக்கு எதிராகப் போரிட வற்புறுத்தக் கூடாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் விதி. போர்க்கைதியைப் பிடித்தவர் படையிலேயே சேரக் கட்டாயப்படுத்துவது 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கடுமையான குற்றம். காகிதத்தில் கோடு தெளிவாகவே இருக்கிறது. கம்பிக்குப் பின்னால் இருப்பவனிடம் ‘சேர்ந்துகொள், வெளியே விடுகிறோம்’ என்று சொல்லும்போது அது அழைப்பா, வற்புறுத்தலா? அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

1795இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் இதை வேறு பக்கத்திலிருந்து எதிர்த்தார். எதிரி நாட்டில் துரோகத்தைத் தூண்டுவது, பின்னாளில் சமாதானம் பேசத் தேவைப்படும் நம்பிக்கையையே அழித்துவிடும் என்பது அவர் வாதம். அரசும் அரசும் மோதும் போருக்கு அது பொருந்தும். அன்பாரில் அல்-காயிதாவோடு சமாதானம் பேச யாரும் காத்திருக்கவில்லை.

கணக்கைச் சீக்கிரம் மூடிவிடுவது

எனக்கு மிகப் பெரிய தவறாகத் தெரிவது இதுதான். ஈராக்கில் 2007இல் இறந்த அமெரிக்க வீரர்கள் 900க்கும் மேல். 2008இல் 300 சொச்சம். ஈராக்கியர் சாவுகளும் வெகுவாகக் குறைந்தன. சுமார் 30,000 கூடுதல் அமெரிக்கப் படையினர் வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், சஹ்வாவின் பங்கை யாரும் மறுப்பதில்லை. திட்டத்தைப் புகழ்பவர்கள் இங்கேயே கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். 2008 அக்டோபரில் சம்பளப் பொறுப்பு பிரதமர் மாலிகி தலைமையிலான ஈராக் அரசுக்குக் கைமாறத் தொடங்கியது. ஷியாக் கட்சிகள் கோலோச்சிய அந்த அரசுக்கு, ஆயுதம் தரித்த சுன்னிகள் என்றாலே சந்தேகம். ஐந்தில் ஒருவருக்குப் பாதுகாப்புப் படையில் இடம், மற்றவர்களுக்கு வேறு அரசு வேலை என்பது வாக்குறுதி. நிறைவேற்றம் இழுத்துக்கொண்டே போனது. சம்பளம் தாமதமானது, சில தலைவர்கள் கைதானார்கள். விரல்ரேகையும் கண்விழிப் பதிவும் கொடுத்து அமெரிக்கர்களிடம் பெயர் எழுதிக்கொண்டவர்களின் பட்டியல், இப்போது அவர்களை நம்பாத அரசின் மேசையில் இருந்தது.

மறுபக்கம் அல்-காயிதா எதையும் மறக்கவில்லை. அபு ரிஷா 2007 செப்டம்பரிலேயே, அதிபர் புஷ்ஷைச் சந்தித்த பத்து நாளில், குண்டுக்குப் பலியாகியிருந்தார். 2010 ஜூலை 18 அன்று பாக்தாதுக்குத் தென்மேற்கே ரத்வானியாவில், சம்பளம் வாங்க வரிசையில் நின்ற சஹ்வா ஆட்களுக்கு நடுவே ஒருவன் வெடித்துச் சிதறினான். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 அக்டோபரில், அதே ஈராக் அல்-காயிதாவிலிருந்து உருவான ஐ.எஸ். அமைப்பு, சஹ்வாவில் முன்னின்ற அல்பு நிம்ர் குலத்தாரை அன்பாரில் நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தது.

இவையெல்லாம் அமெரிக்கா செய்த கொலைகள் அல்ல. ஆனால் ஒருவனைப் பகைவன் கண்ணில் படும்படி தெருமுனையில் நிறுத்தியவருக்கு, அவனைக் காக்கும் கடமை சம்பளத்தோடு தீர்ந்துவிடுமா? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது கடன்தான். அந்தக் கடனை, அடைக்க விருப்பமே இல்லாதவர் தலையில் கட்டிவிட்டுப் போனதைத்தான் நான் அதர்மம் என்பேன். 300 டாலர் கொடுத்ததை அல்ல.

மன்னிக்கும் உரிமை யாருடையது என்று கேட்க மறப்பது

தங்கள் வீரர்களைக் கொன்றவர்களோடு கை குலுக்க அமெரிக்கத் தளபதிகள் துணிந்தார்கள். சரி, அது அவர்கள் இழப்பு. அதே கைகள் அக்கம்பக்கத்து ஈராக்கியர்களையும் கொன்றிருந்தால்? அண்ணனைக் கொன்றவன் காவலுக்கு நிற்கும் சாவடியைத் தினமும் கடக்க வேண்டியிருந்த குடும்பத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தொலைதூரத்துச் சங்கதி என்று தள்ளிவிடுவது

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அலுவலர்களாக எடுத்தார்கள். அவர்களில் சரணடைந்தவர்களும் உண்டு. 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைச் சண்டையில் இறக்குவதை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுத்தியது. அதே உத்தரவில் இன்னொன்றும் சொன்னது: இதுவரை அந்த வேலையில் இருந்தவர்களின் உயிரைக் காப்பது மாநில அரசின் பொறுப்பு. மாநில அரசு அந்த ஆண்டே துணை ஆயுதக் காவல் படை என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, அதே இளைஞர்களைக் கூடுதல் சம்பளத்தில் மறுபடி எடுத்துக்கொண்டது.