பழைய எல்சிடி திரையைச் சோதித்து மறுபடியும் பயன்படுத்துதல்

பழைய பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரங்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரைகளில் பல, திரையை இயக்கும் ஹிட்டாச்சியின் எச்டி44780 சில்லையோ அதற்கு இணையான ஒன்றையோ கொண்டிருப்பதால், 14 அல்லது 16 முனைகள் இருந்தால் துணிந்து வாங்கலாம். முதல் முனை கிரவுண்ட் (மின்சுற்றின் பூஜ்ய வோல்ட் முனை), இரண்டாவது 5 வோல்ட் என்பது வழக்கம். சிலவற்றில் இவை இடம் மாறியிருக்கும் என்பதாலும், தலைகீழாக மின்சாரம் கொடுத்தால் சில்லு பிழைப்பது அரிது என்பதாலும், மல்டிமீட்டரால் உறுதிசெய்த பிறகே இணைக்க வேண்டும். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் (திருகி மாற்றக்கூடிய மின்தடையின்) ஓரக் கால்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்காலை, எழுத்தின் அடர்த்தியைத் தீர்மானிக்கும் மூன்றாவது முனைக்கும் கொடுத்து மெல்லத் திருப்புகையில், மேல்வரியில் மட்டும் கருங்கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால் திரை பெரும்பாலும் நல்லதே. (எதுவுமே தெரியவில்லையென்று நான் குப்பையில் போடவிருந்த ஒரு திரைக்கு இந்தத் திருகல்தான் தேவைப்பட்டது.) பிறகு ஐந்தாவது முனையைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டு, 4, 6, 11 முதல் 14 வரையுள்ள முனைகளை ஆர்டுயினோ என்னும் சிறு நிரல் பலகையுடன் இணைத்து, அதில் நிரலை ஏற்றினால், ஆறே சிக்னல் கம்பிகளில் எழுத்து வந்துவிடும்.