பாப்பாவுக்கு வீட்லயே சீரியல் பவுடர் - கட்டி தட்டாம காய்ச்சுறது எப்படி?

என் பொண்ணுக்கு 6 மாசம் முடிஞ்சதும் சாப்பாடு ஆரம்பிச்சோம். முதல் வாரமே கஞ்சில இருந்த கட்டி தொண்டைல மாட்டி ஓங்கரிச்சுட்டா, எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம் நாலஞ்சு தடவை மாத்தி மாத்தி காய்ச்சிப் பாத்து தான் எங்க தப்பு பண்றேன்னு புரிஞ்சுது. அத அப்படியே எழுதுறேன்.

ஸ்டெப் 1: தானியம். அரிசி, ஓட்ஸ், பார்லி எது வேணா எடுங்க, ஆனா ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு தான். 3-5 நாள் அதையே குடுத்து, தடிப்பு, வாந்தி, வயித்தால போறதுன்னு எதுவும் இல்லன்னா அடுத்தது. எடுத்ததுமே எல்லாத்தையும் கலந்து அரைச்சு வச்சுட்டா எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஸ்டெப் 2: கழுவி காயவைக்கணும். ஓட்ஸுக்கு இது வேணாம், நேரா வறுக்கலாம். அரிசி, பார்லிய கழுவி, துணில பரப்பி, கைல அள்ளினா ஒரு மணி கூட ஒட்டாம உதிரணும், அது வரைக்கும் காயட்டும். ஈரம் இருந்தா பவுடர்ல பூஞ்சை வந்துடும். அப்புறம் அடிகனமான சட்டில சின்ன தீயில சூடேற வறுத்தா போதும், நிறம் மாற வேணாம்.

ஸ்டெப் 3: அரைக்கறது. நல்லா ஆறினதுக்கப்புறம் மிக்ஸில சின்ன ஜார்ல கொஞ்சம் கொஞ்சமா போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்க. பெரிய ஜார்ல கொஞ்சமா போட்டா சுத்திக்கிட்டே இருக்குமே தவிர நைசா வராது. கண்டிப்பா சலிக்கணும். அரைச்ச சூடோட பாட்டில்ல அடைக்காதீங்க, உள்ள வேர்த்துடும். நான் கண்ணாடி பாட்டில் தான் வச்சிருக்கேன், பிளாஸ்டிக்ல வாசம் ஏறுது. 2 வாரத்துக்கு மேல வர்ற அளவு அரைக்காம, ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: காய்ச்சறது. நான் மாட்டுனது இங்க தான். கொதிக்கிற தண்ணில பவுடர தூவிக்கிட்டு இருந்தேன், எவ்ளோ வேகமா கிண்டினாலும் கட்டி. காரணம் என்னன்னா மாவுல இருக்கற ஸ்டார்ச் சூடு பட்ட உடனே வீங்கி பசையாகுது, அந்தப் பசை வெளிய ஒரு உறை மாதிரி மூடிக்கிட்டா உள்ள இருக்கற மாவுக்கு தண்ணியே போகாது. கட்டிய உடைச்சுப் பாருங்க, நடுவுல காஞ்ச பவுடர் அப்படியே இருக்கும், அத குழந்தைக்கு குடுக்கறது பச்ச மாவ குடுக்கற மாதிரி தான்.

அதனால 1 டேபிள்ஸ்பூன் பவுடர முதல்ல சட்டில போட்டு, பச்சத் தண்ணி ரெண்டு ஸ்பூன் விட்டு விழுதா குழைங்க. அப்புறம் மீதி தண்ணி, மொத்தம் 150 மில்லி வர்ற மாதிரி. கரைஞ்சதுக்கப்புறம் தான் அடுப்ப பத்த வைக்கணும். சின்ன தீ, 8-10 நிமிஷம், கை எடுக்காம கிண்டணும். ரெண்டாவது நிமிஷமே கெட்டியாகிடும், வெந்துடுச்சுன்னு இறக்கிடாதீங்க, மாவு வாசம் போய் பளபளன்னு வரணும். கரண்டிய விட விஸ்க் தான் இதுக்கு சரி.

உப்பு, சக்கரை வேணாம். தேன் 1 வயசு முடியற வரை ஒரு துளி கூட கூடாது, அதுல இருக்கக்கூடிய கிருமி குழந்தைக்கு பாட்டுலிசம்ங்கற மோசமான நோய் வரவைக்கலாம். பாட்டில்ல ஊத்தி குடுக்காம ஸ்பூன்ல குடுங்க.

பின்சேர்க்கை 1: "தாய்ப்பால் கலந்தேன், கொஞ்ச நேரத்துல தண்ணியாகிடுச்சு, கெட்டுப்போச்சா"ன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. கெடல. தாய்ப்பால்ல இருக்கற அமைலேஸ்ங்கற என்சைம் ஸ்டார்ச்ச உடைச்சுடும். கஞ்சிய கொஞ்சம் கெட்டியா காய்ச்சி, கைபொறுக்கற சூட்டுக்கு ஆறவிட்டு, ஊட்டறதுக்கு முன்னாடி பால் கலந்து உடனே குடுத்துடுங்க. எச்சில்லயும் அதே என்சைம் இருக்கு, அதனால தான் ஊட்டின கிண்ணத்துல மீதி நீர்த்துப்போகுது. எச்சில் பட்ட மீதிய எடுத்து வைக்காதீங்க, கொட்டிடுங்க.

பின்சேர்க்கை 2: இத நான் முதல்லயே எழுதியிருக்கணும். கடைல விக்கற பேபி சீரியல்ல பெரும்பாலும் இரும்புச்சத்து சேத்திருப்பாங்க, நாம அரைக்கறதுல அது இல்ல. பிறக்கும்போது உடம்புல இருந்த இரும்பு சேமிப்பு ஆறு மாசத்துக்குள்ள குறைஞ்சுடும், 7-லேர்ந்து 12 மாசம் வரை ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேணும்னு அமெரிக்கக் கணக்கு சொல்லுது. வெறும் அரிசிக் கஞ்சி அதுல கால்வாசி கூட தராது. அதனால மசிச்ச பருப்பு, நல்லா வேகவச்சு அரைச்ச இறைச்சி இதெல்லாம் சீக்கிரமே ஆரம்பிங்க, கூட விட்டமின் சி இருக்கற பழக்கூழ் குடுத்தா இரும்பு நல்லா சேரும். குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு தான்.

பின்சேர்க்கை 3: தினமும் அரிசி மட்டுமே குடுக்கலாமான்னு ஒருத்தங்க. வேணாம். மத்த தானியத்த விட அரிசி மண்ணுலேர்ந்தும் தண்ணிலேர்ந்தும் ஆர்சனிக்ங்கற நச்சுப்பொருள அதிகமா உறிஞ்சும், குழந்தைகளுக்கான அரிசி சீரியலுக்கு எஃப்டிஏ (அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) 2020-ல கிலோவுக்கு 100 மைக்ரோகிராம்னு வரம்பே வச்சிருக்கு. நான் இப்ப வாரத்துல ரெண்டு நாள் தான் அரிசி, மீதி நாள் ஓட்ஸும் பார்லியும் மாத்தி மாத்தி.