போலி நாணயப் புதிரா? மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே மாதிரித் தெரியும் நாணயங்களில் எடை வேறுபடும் ஒரே ஒரு போலியை, இரு தட்டுத் தராசில் முடிந்தவரை குறைந்த தடவை நிறுத்துக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் புதிர். நாணயங்களைப் பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள். மூன்று சம குவியலாக்கி, இரண்டை மட்டும் தராசுத் தட்டுகளில் வையுங்கள். மூன்றாவது வெளியே இருக்கட்டும்.

தராசு மூன்று பதில் சொல்லும்: இடது தாழும், வலது தாழும், அல்லது முள் நடுவில் நிற்கும் (அப்படியானால் போலி வெளியே உள்ள குவியலில்). பாதியாகப் பிரிப்பவர்கள் இந்த மூன்றாவது பதிலை வீணாக்குகிறார்கள். போலி கனமானது என்று தெரிந்தால் 9 நாணயத்துக்கு 2 தடவை நிறுத்தால் போதும், 27-க்கு 3 தடவை. அதே 27-ஐப் பாதி பாதியாகப் பிரித்தால் 4 தடவை வரை ஆகும். சமமாகப் பிரியாவிட்டால் தட்டில் ஏறும் இரண்டு குவியலும் சமமாக இருக்க வேண்டும்: 8 என்றால் 3, 3, வெளியே 2.

போலி கனமா, லேசா என்று தெரியாதபோது இது மட்டும் போதாது. பலரும் தடுமாறும், 3 தடவையில் முடிக்க வேண்டிய 12 நாணயப் புதிர் அப்படித்தான்; நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை எண் கொடுங்கள். முதலில் 1–4, எதிரே 5–8. இடது தாழ்ந்தால், அடுத்து இடதில் 1, 2, 5; வலதில் 3, 4, 6. இப்படி 3, 4, 5 தட்டு மாறுவதுதான் சூட்சுமம். மறுபடி இடதே தாழ்ந்தால் 1, 2-இல் ஒன்று கனம் அல்லது 6 லேசு; 1-ஐயும் 2-ஐயும் நிறுத்தால் முடிந்தது. வலது தாழ்ந்தால் 3-ஐயும் 4-ஐயும், சமமானால் 7-ஐயும் 8-ஐயும் நிறுங்கள். முதல் தடவையே சமமானால் 9, 10, 11-ஐ நல்ல நாணயம் மூன்றோடு நிறுங்கள்.

எடையை எண்ணாகக் காட்டும் எலெக்ட்ரானிக் தராசுப் புதிர்களுக்கு இந்த முறை பொருந்தாது.