வேர்டு டேபிள்: கட்டங்களின் அளவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களை ஒரு டேபிளில் அடித்துப் பாருங்கள். பர்கூரும் ஓசூரும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை வந்தால்தான் வம்பு. ‘காவேரிப்பட்டண’ மேலே நிற்க, ‘ம்’ மட்டும் அடுத்த வரியில் அநாதையாகக் கிடக்கும். மாங்காய் மண்டி வரவுப் பட்டியல், மகளிர் குழு கடன் பட்டியல் என்று எதை எடுத்தாலும் இந்த ‘ம்’ எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும்.

உடனே மவுஸால் கோட்டைப் பிடித்து இழுக்கிறோம். தொல்லை தொடங்குவதே அங்கேதான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. மார்ஜின் போனால் கையில் நிற்பது 15.92 செ.மீ. மட்டுமே. பாகம் பிரிக்கிற நிலம் மாதிரிதான் இது. ஒருவருக்குக் கூட்டினால் பக்கத்துக்காரருக்குக் குறையும். ஊருக்கு இடம் கொடுக்க இழுத்தால் பக்கத்திலுள்ள மாங்காய் ரகத்தின் நெடுவரிசை நெருங்கும், ‘பெங்களூரா’ என்ற ரகப் பெயர் இரண்டாக உடையும். அதைச் சரிசெய்ய அடுத்த கோடு, பிறகு அதற்கடுத்த கோடு.

இழுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். மண்டிப் பட்டியல் என்றால் எண்ணுக்கு 1.1, தேதிக்கு 2.2, பெயருக்கு 3.7, ஊருக்கு 3.4, ரகத்துக்கு 2.2, எடைக்கு 1.5, தொகைக்கு 1.8. கூட்டினால் 15.9 செ.மீ. ஒவ்வொரு நெடுவரிசையிலும் வரப்போகிற மிக நீளமான சொல்லை முதலில் அடித்துப் பார்த்து, இந்த அளவுகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேபிளுக்கான ‘லேஅவுட்’ பட்டையில் உள்ள ‘வித்’ பெட்டியில் எண்ணை அடியுங்கள். கட்டத்தின் இடமும் வலமும் வேர்டு தானாகவே 0.19 செ.மீ. உள்ஓரம் விடுவதையும் மறக்க வேண்டாம்; 3.4 செ.மீ. கட்டத்தில் எழுத்துக்குக் கிடைப்பது 3.02 தான். எப்படியும் போதவில்லையா? எழுத்தை 7 பாயிண்ட்டுக்குச் சுருக்காதீர்கள், படிக்கிறவர் கண் பாவம். தாளைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அதே மார்ஜினில் 24.62 செ.மீ. கிடைக்கும்.

இழுத்தே தீருவேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏதாவது ஒரு கட்டம் தேர்வில் இருக்கும்போது கோட்டை இழுத்தால் அந்த ஒரு கட்டம் மட்டும் நகரும், நேர்கோடு படிக்கட்டாகிவிடும். வேறெங்காவது ஒரு கிளிக் செய்து தேர்வை நீக்கிவிட்டு இழுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் மேலே ரூலரில் அளவு தெரியும்.

எண்ணெல்லாம் போட்ட பிறகும் அகலம் ஆடுகிறதென்றால் ஆட்டோஃபிட்டைப் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீளமான ஒரு பெயர் வந்ததும் அந்த நெடுவரிசை தானே விரிந்து மற்றவற்றை நெருக்கும். ‘ஃபிக்ஸ்டு காலம் வித்’ என்று மாற்றினால் அடங்கிவிடும்.

உயரத்தில் நடக்கும் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. பட்டியலை ஒரே பக்கத்தில் அடக்க நினைத்து, டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் வரிசை உயரத்தை 0.5 செ.மீ. என்று போட்டு ‘எக்ஸாக்ட்லி’ கொடுத்துவிடுகிறார்கள். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ‘கி’யின் கொக்கி மேலே ஏறும், ‘ரூ’வின் வால் கீழே இறங்கும், உயரம் போதாவிட்டால் அவை வெட்டுப்படும். பெயர் இரண்டு வரியானால் இரண்டாம் வரி திரையிலும் தெரியாது, தாளிலும் வராது. கடன் பட்டியலில் ஒருவருடைய இனிஷியலோ பெயரின் பின்பாதியோ காணாமல் போனால் வங்கியில் யார் போய் விளக்குவது? ‘அட் லீஸ்ட்’ கொடுத்தால் குறைந்தபட்ச உயரம் அப்படியே இருக்கும், தேவைப்பட்டால் வரிசை தானே வளரும். எனக்குத் தெரிந்து, தமிழ்ப் பட்டியலுக்கு ‘எக்ஸாக்ட்லி’ தேவைப்படுகிற இடம் மிகக் குறைவு.

எவ்வளவு குறைத்தாலும் உயரம் இறங்கவில்லை என்றால், கட்டத்துக்குள் யாரோ தட்டிய வெற்று எண்டர் ஒன்று இருக்கலாம், அல்லது பத்திக்குப் பின் இடைவெளி வைத்திருக்கலாம். எண்டர் தட்டி உயரம் கூட்டுவதும், ஸ்பேஸ் தட்டித் தொகையை வலப்பக்கம் தள்ளுவதும் வேண்டவே வேண்டாம். எழுத்துரு மாறினால் எல்லாம் கலையும்.

தலைப்புக்காக மேல்வரிசைக் கட்டங்களை ஒன்றாக்குவதும் எனக்குப் பிடிக்காது. பிறகு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து அளவு மாற்றும்போது எது எதோடு சேர்கிறது என்றே புரியாது. தலைப்பை டேபிளுக்கு மேலே தனி வரியாக அடித்தால் போதும்.

வேர்டுக்குப் பதிலாக லிப்ரேஆபிஸ் ரைட்டரில் வேலை செய்பவர்களுக்கு: டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் அகலத்துக்கு எண் அடிக்க முடியாமல் பெட்டி மங்கியிருந்தால், அதே இடத்தில் அலைன்மென்ட் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கும். அதை ‘லெஃப்ட்’ என்று மாற்றினால் பெட்டி திறந்துகொள்ளும்.

இத்தனையும் செய்த கோப்பை வேர்டாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். லதாவில் அமைத்த டேபிள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலோ போனிலோ திறந்தால் வேறு எழுத்துருவுக்குத் தாவும், அகலக் கணக்கு கெட்டுவிடும். பிரிண்டுக்குப் போவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். பிறகு திருத்துவதற்கு வேர்டு கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.