ரீலோடிங்கில் பவுடர் மாற்றிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே ரீலோடிங்குக்கு வந்துவிடுகிறார்கள். சுட்ட பித்தளைக் கேஸைப் பொறுக்கி எடுத்து, புது பிரைமர் (அடியில் இருந்து தீ மூட்டும் சிறு மூடி), பவுடர், புல்லட் போட்டு மறுபடியும் தோட்டாவாக்கும் வேலை அது. முன்பெல்லாம் ஒரு பவுடரைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுவார்கள். 2020-ல் தொடங்கிய தட்டுப்பாட்டுக்குப் பிறகு, கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. புதியவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். எங்கள் ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், அவர்கள் செய்வதைப் பார்க்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே காரியங்கள் வரிசை மாறாமல் திரும்ப நடப்பது தெரிகிறது. புகைபிடித்துக்கொண்டே பவுடரைக் கையாளாதே, கண்ணாடி போடாமல் உட்காராதே என்பதையெல்லாம் எல்லா மேனுவலும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நான் எழுதுவது அதற்கு அப்பால்.

எரிவேகப் பட்டியலைப் பார்த்து அளவை ஊகிப்பது

வேகமாக எரியும் பவுடரிலிருந்து மெதுவாக எரிவது வரை வரிசைப்படுத்திய பட்டியல்கள் கிடைக்கின்றன. அந்த வரிசையில் இரண்டு பவுடர் அடுத்தடுத்து இருந்தால், ஒன்றின் அளவை இன்னொன்றுக்கும் போடலாம் என்று ஒருவராவது கேட்காத மாதம் இல்லை. போடக்கூடாது. பட்டியல் வரிசையை மட்டும்தான் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்வதில்லை. அந்த வரிசையும் கேஸுக்குக் கேஸ், அழுத்தத்துக்கு அழுத்தம் மாறும். .45 ஏசிபி என்ற தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு 21,000 பிஎஸ்ஐ, 9 மி.மீ. லூகர் என்ற தோட்டாவுக்கு 35,000. முதலாவதில் சாதுவாக நடந்துகொண்ட பவுடர் இரண்டாவதின் சின்னக் கேஸுக்குள் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

பவுடர் தயாரிப்பவர் வெளியிட்ட அளவு, அதே எடை, அதே வகை புல்லட், அங்கே சொன்ன தோட்டாவின் மொத்த நீளம், அங்கே சொன்ன ஆரம்ப அளவு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குத் தோட்டா போட வேண்டாம். நீளத்தைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். 9 மி.மீ.யில் புல்லட் கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கிடுகிடுவென ஏறும்.

பெயரை அரைகுறையாகப் படிப்பது

ஹாட்ஜ்டன் நிறுவனம் கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ் என்று மூன்று பவுடர்களை விற்றது. மூன்றும் வேறு வேறு. கிளேஸ் மிக வேகம், யுனிவர்சல் அதைவிட நன்றாகவே மெதுவானது. யுனிவர்சலின் அளவைக் கிளேஸுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு: வின்செஸ்டர் 231-ம் எச்பி-38-ம் லேபிள் மட்டும் வேறான ஒரே பவுடர். வின்செஸ்டர் 296-ம் எச்110-ம் அப்படித்தான். தெரியாதவர்கள் இரண்டையும் காசு கொடுத்து வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாப்பரில் பவுடரை விட்டுவிட்டு எழுந்து போவது

ஹாப்பர் என்றால் பவுடரை அளந்து போடும் கருவியின் மேல் இருக்கும் கொள்கலன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இது ஒன்றுதான். மற்ற தவறுகள் தெரியாமல் நடப்பவை. இது தெரிந்தே, சோம்பலால் நடப்பது.

ரேஞ்சில் எனக்குப் பழக்கமான ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைட்குரூப் என்ற பவுடரைப் போட்டுப் பார்த்தார். இரவு நேரமாகிவிட்டது, ஹாப்பரில் பாதி மிச்சம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அந்த நாளை வர சில வாரங்கள் ஆயின. திரும்ப வந்து உட்கார்ந்தபோது மேஜையில் எச்பி-38 புட்டி நின்றது. ஹாப்பரில் இருப்பதும் அதுதான் என்று நினைத்து, இருந்ததை அந்தப் புட்டியில் கொட்டி, அதிலிருந்தே மறுபடி நிரப்பி, எச்பி-38 அளவுக்குத் தோட்டா போட ஆரம்பித்துவிட்டார். பெட்டி பெட்டியாகப் போட்டு அடுக்கிய பிறகு, லேபிள் எழுத நோட்டைப் புரட்டினார். கடைசி வரியில் டைட்குரூப் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

இரண்டும் தட்டையாக அமுக்கிய சாம்பல் நிற உருண்டைகள். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் எது எது என்று சத்தியம் செய்ய முடியாது. கலந்தபின் பிரிக்கவே முடியாது. கிட்டத்தட்ட முழுப் புட்டி பவுடர் போயிற்று. போட்ட தோட்டா ஒவ்வொன்றையும் சுத்தியல் மாதிரியான புல்லட் கழற்றியில் மாட்டிக் கான்கிரீட் தரையில் தட்டித் தட்டிக் கழற்ற வேண்டியதாயிற்று. நோட்டை அன்றைக்குப் புரட்டாமல் இருந்திருந்தால் சேதம் பவுடரோடு நின்றிருக்காது.

பக்கத்தில் நின்ற இன்னொருவர், “இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்தானே, மெதுவாகச் சுட்டுத் தீர்த்துவிடேன்” என்று ஆலோசனை சொன்னார். கலவைக்கு எந்த மேனுவலிலும் அளவு கிடையாது. எந்தத் தோட்டாவில் எது எவ்வளவு விழுந்தது என்று போட்டவருக்கே தெரியாது. இரண்டு பவுடர் கலந்துவிட்டால், கலந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், அது பவுடர் இல்லை, குப்பை. புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிடுங்கள். அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்காவது உதவும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. மேஜையில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு புட்டி. மற்றதெல்லாம் அலமாரியில், கதவு மூடி. ஹாப்பரில் பவுடர் இருக்கும்வரை அதன் புட்டி ஹாப்பருக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஹாப்பர் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பவுடர் பெயரை எழுதுங்கள். வேலை முடிந்ததும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதாக இருந்தாலும், காலி செய்யுங்கள். கவிழ்த்துவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளக்கும் உருளையின் குழியிலும் கீழ்க் குழாயின் விளிம்பிலும் சிட்டிகையளவு தங்கியிருக்கும். யுனிக் போன்ற செதில் பவுடர் என்றால் நிலைமின்சாரத்தில் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியைப் பலமுறை ஆட்டி, தட்டி, பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். புதுப் பவுடரை நிரப்பியதும் முதலில் விழும் சில அளவுகளைத் தட்டில் வாங்கிக் குப்பையில் போடுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நைட்ரோகிளிசரின் உள்ள பவுடர்களை நாட்கணக்கில் விட்டுவைத்தால் பல பிளாஸ்டிக் ஹாப்பர்களை அரித்துவிடும். பழைய ஹாப்பர் ஒன்றின் உட்புறம் மங்கி, மஞ்சளாகி, பவுடர் நின்ற மட்டம் வரை கோடு விழுந்திருந்தால் அதன் சொந்தக்காரரைப் பற்றி வேறெதுவும் விசாரிக்க வேண்டியதில்லை.

கேஸின் அடியில் கிடக்கும் சிறு அளவு

.38 ஸ்பெஷல் 1898-ல் கருமருந்துக்காக வடிவமைத்த தோட்டா. அதனால்தான் கேஸ் அவ்வளவு நீளம். புல்ஸ்ஐ மாதிரி வேகப் பவுடரின் முறையான அளவைப் போட்டால் அடியில் கொஞ்சம் கிடக்கும், மேலே எல்லாம் காலி. தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. புல்லட்டும் சமர்த்தாக உட்காரும். துப்பாக்கி சிதறும்.

ஆகவே பல பவுடர்களைச் சோதிக்க ஆசைப்படுகிற புதியவருக்கு நான் முதலில் சொல்வது, கேஸில் பாதிக்கு மேல் நிறைக்கும் பவுடரிலிருந்து தொடங்கு என்பதுதான். அதில் இரண்டாவது தடவை விழுந்தால் வழிந்து கண்ணில் படும். காசு கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். எந்தப் பவுடரானாலும் கேஸ்களைக் கட்டையில் வரிசையாக நிறுத்தி, புல்லட் வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பாருங்கள்.

பவுடர் விழாமலே போவதும் இதே வகைத் தவறு. பிரைமர் மட்டும் வெடித்துப் புல்லட்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். சுடும்போது சத்தம் அமுங்கலாகக் கேட்டால் அடுத்த முறை விசையை அழுத்தாதீர்கள். போட்டி நடுவில் என்றாலும் நிறுத்துங்கள்.

கிராமில் நிற்கும் தராசு

மேனுவலில் பவுடர் அளவெல்லாம் கிரெயின் என்ற சிறு எடையலகில்தான் இருக்கும்; ஒரு கிராம் என்பது 15.43 கிரெயின். தராசை எழுப்பியதும் எந்த அலகில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கருமருந்துத் துப்பாக்கிக்கு இந்த நவீன, புகையற்ற பவுடர்கள்

கூடாது. எந்த அளவிலும் கூடாது.

எச்110-ஐக் குறைத்துப் போடுவது

குறைத்தால் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் சரி. எச்110, அதாவது வின்செஸ்டர் 296, விதிவிலக்கு. மேக்னம் எனும் சக்தி கூடிய தோட்டாக்களுக்கான இந்தப் பவுடர் அழுத்தம் போதாவிட்டால் ஒழுங்காகப் பற்றாது. புல்லட் குழலில் சிக்கலாம். பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்ற பொது விதியை இதற்குப் பொருத்தாமல், அதற்கென்று அச்சிட்ட அளவை அப்படியே பின்பற்றுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது

புதுப் பவுடர், கூடவே புது புல்லட், போதாக்குறைக்கு வேறு பிரைமர். பிறகு இலக்குத் தாளைக் காட்டி, “இந்தப் பவுடர் சரியில்லை” என்கிறார்கள். எது சரியில்லை என்று யாருக்குத் தெரியும்? பவுடரைச் சோதிக்கிறீர்கள் என்றால் மற்ற எல்லாம் பழையபடியே இருக்கட்டும்.

கையில் உதைக்கும் உணர்வை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். வேகமானியை வைத்துச் சுடுங்கள். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கம்) போட்டியில் மைனர் என்ற சக்தி குறைந்த பிரிவுக்குக் கீழ்வரம்பு 125: புல்லட் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 124 கிரெயின் புல்லட் 1,020 அடியில் போனால் 126. அதுவே 1,000 அடிக்கு இறங்கினால் 124; அன்றைய மதிப்பெண் அவ்வளவும் வீண். குளிர்காலத்தில் அளந்த வேகம் வெயில் காலத்தில் அப்படியே இருக்காது என்பதால், வரம்பை ஒட்டி நிற்பவர்கள் இரண்டு பருவத்திலும் அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

எட்டு பவுண்டு ஜாடி

ஒரு பவுண்டு என்றால் 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு நாலைந்து கிரெயின் என்று வைத்தாலே ஆயிரத்துக்கு மேல் வரும். சோதிக்க அதுவே தாராளம். விலை குறைகிறதே என்று முதலிலேயே எட்டு பவுண்டு வாங்கிவிட்டு, துப்பாக்கிக்கு ஒத்துவராத பவுடரை எப்படியாவது ஒத்துப்போக வைக்கப் பார்க்கிறவர்கள்தான் அச்சிட்ட அளவைத் தாண்டிப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஜாடி உங்களிடம் இருந்தால் திறக்காமல் அப்படியே வேண்டியவருக்கு விற்றுவிடுங்கள். திறந்த ஜாடியை யாரும் வாங்க மாட்டார்கள். நானும் வாங்க மாட்டேன்.