ரயிலுக்குள் நின்று தலை எண்ணாதீர்கள்: ட்ரிகர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்ஹெச்சி என்ற துகள் மோதுகருவியில் 25 நானோவினாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ் கருவியின் எல்1 ட்ரிகர் (எதைச் சேமிப்பது என்று தேர்ந்தெடுக்கும் முதல் அடுக்கு) சுமார் 4 மைக்ரோவினாடிக்குள் முடிவெடுத்து, வினாடிக்கு ஏறக்குறைய 1 லட்சம் நிகழ்வுகளை (கடப்புகளின் பதிவுகளை) மட்டும் உள்ளே விடுகிறது. அடுத்து நிற்கும் கணினிக் கூட்டமான ஹெச்எல்டி அதையும் சில ஆயிரங்களாகச் சலிக்கிறது. மும்பை கொலாபாவில் டிஐஎஃப்ஆர் ஆய்வு நிறுவனத்தின் டயர்-2 தரவு மையத்துக்கு வந்துசேரும் தரவு இந்த இரண்டு சல்லடைகளையும் தாண்டியது. அதை மறந்துவிட்டுத்தான் புதியவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். நிரல் எழுதும்போது வரும் பிழைகளை இங்கே விட்டுவிடலாம். அவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

திறனை அதே ட்ரிகரின் தரவில் அளப்பது

மியூவான் என்ற துகளைத் தேடும் ட்ரிகர் பிடித்துத் தந்த நிகழ்வுகளை எடுத்து, அதே ட்ரிகரின் திறன் (பிடிக்க வேண்டியவற்றில் பிடித்த பங்கு) எவ்வளவு என்று கேட்டால் 100 விழுக்காடு என்றுதான் வரும். காலை 9 மணிக்குத் தாதரில் விரைவு லோக்கலுக்குள் நின்றுகொண்டு தலைகளை எண்ணி, "இன்றைக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள்" என்பது போல. நடைமேடையில் விடுபட்டவர்களை யார் எண்ணுவது?

இவ்வளவு அப்பட்டமாக யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தவறு மாறுவேடத்தில் வரும்.

வழக்கமான முறை டேக் அண்ட் ப்ரோப். இசட் போசான் இரண்டு மியூவான்களாகச் சிதைந்த நிகழ்வுகளை, இரண்டின் கூட்டு நிறை இசட்டின் நிறையான 91 ஜிஇவி (துகள்களின் நிறை, ஆற்றலுக்கான அலகு) அருகே விழுகிறதா என்று பார்த்து எடுக்கிறோம். ஒன்று டேக்: நிகழ்வைத் தேர்ந்தெடுக்க உதவுவது. மற்றது ப்ரோப்: ட்ரிகர் பிடித்ததா என்று சோதிக்கப்படுவது. "நிகழ்வு ட்ரிகரைத் தாண்டியதா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுவதுதான் வருடாவருடம் எரிச்சலூட்டும் பிழை. தாண்ட வைத்தது ப்ரோப்பாகவே இருக்கலாம்! டேக் மியூவானே ட்ரிகர் பொருளோடு (ட்ரிகர் கண்டதாகக் குறித்துவைத்த மியூவானோடு) திசையில் ஒத்துப்போக வேண்டும். ப்ரோப்பிடம் ட்ரிகரைப் பற்றி முன்கூட்டியே எதுவும் கேட்கக் கூடாது. இரண்டில் குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) அதிகமுள்ளதையே எப்போதும் டேக் ஆக்குவதும் தவறு. இரண்டையும் மாற்றி மாற்றி டேக் ஆக்கிப் பார்க்க வேண்டும்.

வேறொரு ட்ரிகரின் தரவில் அளக்கிறேன் என்பவர்கள் கவனிக்க: ஹெச்எல்டியில் பெயர் வேறாக இருக்கும், அடியில் எல்1 சீட் (அதைத் தொடங்கிவைக்கும் எல்1 நிபந்தனை) ஒன்றாகவே இருக்கும். அப்போது எல்1-இன் இழப்பு கணக்கில் தெரியவே தெரியாது.

2016, 2017 தரவில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். எலக்ட்ரான், ஃபோட்டான் ஆற்றலை அளக்கும் மின்காந்தக் கலோரிமீட்டரின் முனைப்பகுதியிலிருந்து எல்1-க்குப் போகும் சமிக்ஞைகளின் நேரம் மெல்ல நகர்ந்து, சில ஒரு கடப்பு முன்னதாகவே பதிவாயின. ஒரு கடப்பை ஏற்றால் அடுத்த இரண்டை ஏற்கக் கூடாது என்பது எல்1 விதி. ஆகவே உருப்படியாக எதுவும் இல்லாத முந்தைய கடப்பு ஏற்கப்பட்டது, உண்மையான மோதல் தொலைந்தது. தொலைந்த நிகழ்வு கோப்பிலேயே இல்லை. டேக் அண்ட் ப்ரோப்பால் அதைப் பார்க்க முடியாது. தீர்வும் அதே விதியிலிருந்துதான் வந்தது. மூன்று கடப்புகளுக்கு முன்பு ஏதோ ஒன்று ஏற்கப்பட்டிருந்தால் நடுவிலுள்ள இரண்டும் பூட்டப்பட்டிருக்கும். முந்திக்கொள்ள வழியில்லாத அந்த நிகழ்வுகளை வைத்து இழப்பை அளந்தார்கள். அந்த முனைப்பகுதியில் 100 ஜிஇவிக்கு மேற்பட்ட ஜெட் (ஒரே திசையில் பாயும் துகள் கூட்டம்) உள்ள நிகழ்வுகளில் இழப்பு 10 முதல் 20 விழுக்காடு.

வாசலிலேயே வெட்டுவது

ட்ரிகர் வாசல் (ட்ரிகர் ஏற்கும் குறைந்தபட்ச குறுக்கு உந்தம்) 24 ஜிஇவி என்றால் ஆய்வில் 26-இல் வெட்டுங்கள். 24-இல் திறன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

ப்ரீஸ்கேல்

ப்ரீஸ்கேல் 50 என்றால் தேறியவற்றில் ஐம்பதுக்கு ஒன்றுதான் பதிவாகும், பதிவான ஒவ்வொன்றுக்கும் எடை 50. இது எல்லோருக்கும் தெரியும். கற்றையின் செறிவு இறங்க இறங்க ஒரே ரன்னுக்குள் (தரவு சேகரிக்கும் ஒரு தொடர் ஓட்டத்துக்குள்) இந்த எண் மாறும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. ரன்னின் சிறு துண்டான, சுமார் 23 வினாடி நீளமுள்ள லூமி செக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் இந்த எண்ணைத் தனியாக எடுங்கள். எல்1, ஹெச்எல்டி இரண்டின் ப்ரீஸ்கேல்களையும் பெருக்குங்கள். ப்ரீஸ்கேல் 50-உம் 20-உம் உள்ள இரண்டு பாதைகளை (தனித்தனித் தேர்வு நிபந்தனைகளை) 'அல்லது' போட்டுச் சேர்த்தால், இரண்டுக்கும் தகுதியான நிகழ்வின் எடை 20 அல்ல. அது பதிவாகும் வாய்ப்பு 1 − (49/50 × 19/20), அதாவது 0.069. எடை சுமார் 14.5.

ரேட்டுகளைக் கூட்டுவது

தலா 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 நிகழ்வு) உள்ள இரண்டு பாதைகள் சேர்ந்து 100 ஆகாது. பொதுவான நிகழ்வுகளைக் கழியுங்கள்.

நூற்றுக்கு நூறு, பிழை பூஜ்யம்

100 ப்ரோப்பில் 100-உம் தேறினாலும் கீழ்ப்பக்கப் பிழை சுமார் 1.8 விழுக்காடு இருக்கிறது. பிழை எல்லையைக் கணக்கிடக் கிளாப்பர்-பியர்சன் என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள்.

ஸ்கவுட்டிங் தரவைச் சாதாரணத் தரவாக எண்ணுவது

ஸ்கவுட்டிங்கில் ஹெச்எல்டி கட்டியெழுப்பிய ஜெட், மியூவான் முதலியவை மட்டும் சேமிக்கப்படும். சுமார் ஒரு மெகாபைட் நிகழ்வு சில கிலோபைட்டாகச் சுருங்குவதால்தான் வாசலைத் தாழ்த்த முடிகிறது. ஆனால் கச்சா சமிக்ஞைகள் இல்லை. ஆறு மாதம் கழித்துப் புதிய அளவுத்திருத்தம் வந்ததும், "மறுபடி ஓட்டிவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். எதை ஓட்டுவது?